கரி எங்கே போகிறது? பழைய பிக்கப்பும் புதிய பிக்கப்பும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும், தோப்புக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டியாக, ஓட்டுவதற்கும் சுறுசுறுப்பான பிக்கப் ஒன்றைப் பழைய வண்டி விலையில் தேடுபவர் இறுதியில் இசுஸு வி-கிராஸின் முன்னால் வந்து நிற்பார். நின்ற இடத்தில் அடுத்த கேள்வி எழும்: பழைய தலைமுறையா, புதிய தலைமுறையா? 2016-இல் இந்தியாவுக்கு வந்த முதல் வி-கிராஸில் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினும் ஐந்து கியர் மேனுவலும் இருந்தன. 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2019-இல் 1.9 லிட்டர் எஞ்சின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குடன் சேர்ந்துகொண்டது. 150 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். 2021-இல் அதே 1.9 லிட்டர் எஞ்சின் பிஎஸ்-6 என்னும் புகை மாசு விதிக்கு மாற்றப்பட்டு 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டரும் தரும் வண்டியாக வந்தது. ஏணி வடிவ அடிச்சட்டம், பின்புற லீஃப் ஸ்பிரிங், முன்புற இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் ஆகியவை மூன்றிலும் தொடர்கின்றன. ஆகவே தேர்வு உண்மையில் எஞ்சினுக்கும் அதன் புகைக்குழாய்க்கும் இடைப்பட்டது.

எண்களை மட்டும் பார்த்தால் சிறிய எஞ்சினே எல்லாவற்றிலும் முந்துகிறது. கொள்ளளவு குறைந்தும் முறுக்குவிசை கூடியது எப்படி என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நான்கு வீச்சு எஞ்சினின் முறுக்குவிசையை நான்கு மடங்கு பையால் (π) பெருக்கி, கொள்ளளவால் வகுத்தால், நான்கு வீச்சும் சேர்ந்த ஒரு சுழற்சியில் பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம் கிடைக்கும். பழைய 2.5 லிட்டருக்கு இது ஏறத்தாழ 16 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்), 2019-இன் 1.9 லிட்டருக்கு ஏறத்தாழ 23 பார். கொள்ளளவில் கால் பங்கு குறைந்த எஞ்சின், பிஸ்டனின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தைத் தாங்கி அந்த வேலையைச் செய்கிறது. அதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தால், பெரிய எஞ்சின் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறியது பொறுத்துக்கொள்ளாது என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கு வேண்டிய காற்றைத் தருவது டர்போ. வெளியேறும் சூடான புகை ஒரு விசிறியைச் சுழற்ற, அதே அச்சில் உள்ள மறு விசிறி காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இடையே இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. மதுரையின் சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்று, 25 டிகிரி காற்றைவிட ஏறத்தாழ ஐந்து சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஆகையால் இன்டர்கூலரின் தகடுகளில் வயல் சேறு அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது வீண் வேலையன்று. டர்போவுக்கு இன்னொரு இயல்பும் உண்டு: புகை போதுமான அளவு வந்தால்தான் அது சுழலும். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமையோடு வளைவில் வேகம் குறைந்து, எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு இறங்கிய அந்த நொடியில் டர்போவின் உதவி பெரிதாக இராது. வண்டியை இழுப்பது பெரும்பாலும் எஞ்சினின் சொந்தக் கொள்ளளவே. அந்த இடத்தில் 1.9-ஐ விட 2.5 லிட்டர் முப்பது சதவீதத்துக்கும் மேல் பெரிது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது, ஏனெனில் அதிலுள்ள டார்க் கன்வர்ட்டர் எஞ்சினைச் சற்று வேகமாகச் சுழலவிட்டு, முறுக்குவிசையைப் பெருக்கியும் தருகிறது. மேனுவல் 1.9 வாங்குபவர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். இதே மாற்றம் அமெரிக்காவில் ஃபோர்டு ராப்டர் பிக்கப்பிலும் நடந்தது: 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8-இன் 411 குதிரைத்திறனை 2017 மாடலின் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 தாண்டி 450-ஐத் தொட்டது. பழைய வி8-இன் உடனடி இழுவையை விரும்புவோர் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் என் பார்வையில், தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது இழுவை அன்று, கரி.

டீசல் எஞ்சினில் எரிபொருள் தூவலாகப் பாயும்போது, தூவலின் நடுவே காற்று போதாத இடங்களில் கரித்துகள் உருவாகிறது. காற்று மிகுந்து வெப்பமும் மிகுந்த இடங்களில் நைட்ரஜன் ஆக்சைடு உருவாகிறது. ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றது கூடும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பு வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிறது, ஆனால் அதற்கு விலையாகக் கரி கூடுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதி இரண்டையும் ஒருசேர இறுக்கியது. டீசல் கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமில் இருந்து 0.08 ஆகவும், துகள் வரம்பு 0.025 கிராமில் இருந்து 0.0045 ஆகவும் இறங்கின. எஞ்சினுக்குள் செய்யும் சீர்திருத்தத்தால் மட்டும் இவ்வளவு குறைக்க முடியாது என்பதால், கரியைப் புகைக்குழாயிலேயே பிடித்துவைக்கும் டிபிஎஃப் வந்தது.

டிபிஎஃப் என்பது தேனடை போன்ற ஒரு பீங்கான் உருளை. அதன் குழல்களில் ஒன்றுவிட்டு ஒன்று முன்பக்கமோ பின்பக்கமோ அடைக்கப்பட்டிருப்பதால், புகை நுண்துளைச் சுவரின் ஊடாகவே வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடுகிறது. தங்கியது நிறைந்தால் எஞ்சின் மூச்சு முட்டும். ஆகவே அவ்வப்போது அதை எரித்தாக வேண்டும், எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். நான்குவழிச் சாலையில் சீராக ஓடும் வண்டியில், வினையூக்கியின் துணையால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கரி சிறிது சிறிதாகக் கரைகிறது. போதாதபோது கணினி கூடுதல் டீசலைத் தாமதமாகச் செலுத்திப் புகையைச் சூடாக்குகிறது. இந்த வேலை முடியப் பத்து இருபது நிமிடத் தொடர் ஓட்டம் தேவைப்படலாம்.

கே.கே.நகரில் இருந்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து சிம்மக்கல்லுக்கு ஊர்ந்து, வீடு திரும்பும் வண்டியில் அந்தத் தொடர் ஓட்டம் ஒருநாளும் கிடைப்பதில்லை. எரிப்பு தொடங்கும், வண்டி நிற்கும், மீண்டும் தொடங்கும். தாமதமாகச் செலுத்திய டீசலில் எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும், அதன் பிசுபிசுப்பு குறையும். பிஸ்டனில் 23 பாருக்கும் மேல் அழுத்தம் தாங்கும் எஞ்சினுக்கு நீர்த்த ஆயில் எவ்வளவு கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே வண்டி நாள்தோறும் திருநெல்வேலிக்கோ திருச்சிக்கோ ஓடினால் டிபிஎஃப் இருப்பதையே உரிமையாளர் மறந்துவிடுவார்.

பிஎஸ்-6-க்கு முந்தைய பிஎஸ்-4 விதிப்படி வந்த பழைய வண்டிக்குக் கரியால் தொல்லையே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். இஜிஆர் வழியே திரும்பும் கரி, எஞ்சின் ஆவியில் உள்ள எண்ணெயுடன் சேர்ந்து உள்ளிழுப்புக் குழாயில் தார் போலப் படியும். டர்போவின் நகரும் இதழ்களும் கரியேறி இறுகும். வேறுபாடு என்னவென்றால், இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம்.

நான்கு சக்கர இழுவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021-க்குப் பிந்தைய வண்டிகளில் இரு சக்கர இழுவை மட்டும் கொண்டவையும் விற்கப்பட்டன. புதியது என்பதாலேயே நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உலர்ந்த தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுத் திருப்பிப் பார்ப்பவரைத் தடுத்துவிடுங்கள்: திருப்பத்தில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்க, முன்னும் பின்னும் இறுகப் பிணைந்திருப்பதால் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். வைகை மணலில் சோதிக்கலாம். 2016-இல் பதிவான சொந்த வண்டியின் ஆர்சி 2031-இல் பதினைந்து ஆண்டை எட்டும் என்பதையும் விலை பேசும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆக, ஓட்டம் முழுவதும் ஊருக்குள் என்றால், அல்லது உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர் என்றால், நான் 2.5 லிட்டரையே எடுப்பேன். வாரத்தில் மூன்று நாளாவது நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடுபவருக்குப் பிஎஸ்-6 வண்டி எல்லா வகையிலும் மேலானது.

எந்த வண்டியைப் பார்க்கப் போகும்போதும், எஞ்சின் சூடாவதற்கு முன், காலையிலேயே போக வேண்டும். முதலில் ஆயில் குச்சியை உருவி, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, டீசல் வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, புகைக்குழாய் குளிர்ந்திருக்கும்போதே, அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துடைக்க வேண்டும். பழைய 2.5 லிட்டரில் விரல் கறுத்தால் அது இயல்பு. பிஎஸ்-6 வண்டியில் விரல் கறுத்தால், டிபிஎஃப் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதை வெட்டி எடுத்துவிட்டு வெறுங்குழாயை வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.