மூன்று சென்டிமீட்டர் காற்று

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2006-ல் வாங்கிய கரிஸ்மா பைக், ஊட்டி, மூணாறு என்று சுற்றி, ஒருமுறை ஹம்பி வரைக்கும் போய்வந்த வண்டி. இப்போது முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்க் கால்களில், ஆயில் வடிகிறது. பிரேக் பிடித்தால் மூக்கு தரையைத் தொடுவதுபோல் குனிகிறது. கடை கடையாகக் கேட்டுவிட்டார். முழு ஃபோர்க் செட் எங்கே கிடைக்கும் என்பது அவர் கேள்வி.

ஹீரோவும் ஹோண்டாவும் ஒன்றாக இருந்த நாளில், 2003-ல் வந்த 223 சிசி வண்டி அது. நெடுந்தூரம் போக ஆசைப்பட்டவர்கள் அப்போது கடன் வாங்கியாவது வாங்கினார்கள். பார்ட் தேடி அலைவதில் வியப்பில்லை. ஆனால் முழு செட்டையும் ஏன் தேட வேண்டும்? ஒரு ஃபோர்க்குக்குள் சாகக்கூடிய பொருள்கள் இரண்டு மூன்றுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். குரோம் பூசிய பைப், அது ஏறி இறங்கும் பாட்டம் கேஸ், நீளமான ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில். 1935-ல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர்12 வண்டியில் ஆயில் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. இன்றைய சாதாரண ஃபோர்க்கின் அடிப்படையும் அதுவேதான். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பித் தந்துவிடும். தனியாக விட்டால் வண்டி குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதிப்பைத் தின்பது ஆயில். ஃபோர்க்கின் அடியில் ஓட்டைகள் போட்ட மெல்லிய குழாய் ஒன்று நிற்கிறது. வண்டி குனியும்போது ஆயில் பெரிய வழியில் தாராளமாகப் போகும். எழும்போது வால்வு மூடிக்கொள்ள, சிறிய ஓட்டைகளில் பிதுங்கித்தான் வர வேண்டும். அந்த உரசலில் ஆற்றல் சூடாகிவிடுகிறது.

எவ்வளவு சூடு? முன்சக்கரத்தின் மேல் 100 கிலோ, பள்ளம் 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சுமார் 98 ஜூல். இரண்டு ஃபோர்க்கிலும் சேர்த்து 300 மில்லி ஆயில் இருந்தால், ஒரு பள்ளத்துக்கு அதன் வெப்பநிலை ஏறுவது 0.2 டிகிரிதான். நூறு பள்ளம் என்றால் 20 டிகிரி. நம் ஊர்ச் சாலையில் நூறு பள்ளம் எத்தனை கிலோமீட்டர் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். நல்லவேளையாக எதிர்க்காற்று பாட்டம் கேஸைக் குளிர்வித்துக்கொண்டே வருகிறது.

இதெல்லாம் சரி. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: ஆயிலுக்கு மேலே இருக்கும் வெறும் காற்று.

ஃபோர்க்கின் மேல்மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்கிறது. பைப் உள்ளே இறங்க இறங்க, ஆயிலுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள காற்று நசுங்குகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான். கனஅளவு பாதியானால் அழுத்தம் இருமடங்கு. காற்று நிற்கும் உயரம் 18 சென்டிமீட்டர், ஃபோர்க் இறங்குவது 12 சென்டிமீட்டர் என்றால் மிஞ்சுவது 6. அழுத்தம் மூன்று மடங்கு. இப்போது ஆயிலைக் கொஞ்சம் கூட்டி ஊற்றிக் காற்றை 15 சென்டிமீட்டர் ஆக்குங்கள். முழுதாக இறங்கினால் மிஞ்சுவது 3. அழுத்தம் ஐந்து மடங்கு! பழைய புல்லட்டில் இருந்ததுபோல 35 மி.மீ. பைப் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்துக் காற்று மேலே தள்ளும் விசை சுமார் 40 கிலோவிலிருந்து 80 கிலோ எடைக்குத் தாவுகிறது. கணக்கு தோராயமானது. சட்டென்று நசுங்கும் காற்று சூடாவதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடவே இருக்கும்.

இதில் அழகு என்னவென்றால், முதல் சில சென்டிமீட்டரில் 18, 15 என்ற இந்த இரண்டு அளவுக்கும் வித்தியாசமே தெரியாது. சின்னக் கல்லில் இரண்டும் மிருதுவாகத்தான் இருக்கும். ஆழமாகக் குனியும்போதுதான் காற்று விழித்துக்கொண்டு "போதும்" என்கிறது. காசே இல்லாத இரண்டாவது ஸ்பிரிங் இது. நம் வாசகரின் வண்டி மூக்கு குத்துவதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். ஆயில் வடிந்தது, காற்று கூடியது, அந்த இரண்டாவது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

"கெட்டி ஆயில் ஊற்று, ஃபோர்க் கெட்டியாகிவிடும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. கெட்டி ஆயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும், எடையைத் தாங்காது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால், மெதுவாகவாவது அதே ஆழத்துக்குப் போய்த்தான் சேரும். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காண்பதில்லை. எலுமிச்சம்பழம் குறைந்தபட்சம் கெடுதல் செய்யாது.

அப்புறம், தேடல். ஆயில் கீழே, ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட் பக்கம் வடிந்தால், அங்கிருக்கும் செம்பு வாஷரை மாற்றினாலே போதும். மேலே பைப்பைச் சுற்றி வடிந்தால், ஆயிலை வெளியே விடாமல் பிடிக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்ற வேண்டும். பழைய சீலைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரப்பரில் மூன்று எண்கள் பொறித்திருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், உயரம், எல்லாம் மில்லிமீட்டரில். சீலுக்கு வண்டியின் பெயர் தெரியாது, இந்த மூன்று எண்தான் தெரியும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் வண்டிப் பெயரைச் சொன்னபோது "இல்லை" என்ற கடைக்காரரே, எண்ணைச் சொன்னதும் டப்பாவைத் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஃபோர்க்குக்கான சீல்தானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். சுழலும் தண்டுக்கான சீல், ஏறி இறங்கும் வேலைக்கு நாள்படத் தாங்காது.

புது சீலும் ஒரே மாதத்தில் வடிகிறதா? நகத்தைப் பைப்பின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது நகம் தட்டினால் அங்கே குரோம் துருவால் குழிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குழி துளி ஆயிலை அள்ளி வெளியே கொண்டுவரும், சீலின் உதட்டையும் கிழிக்கும். அப்போது பைப்பை ஹார்டு குரோம் பூசிக் கிரைண்டிங் செய்து தரும் பட்டறையைத் தேட வேண்டும். அல்லது புதுப்பேட்டையில் கழற்றிய பைப். நான் ஒருமுறை அப்படிப் பளபளவென்று ஒன்றை வாங்கிவந்து, வீட்டில் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தேன். பைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒளி தெரிந்தது, வளைந்த பைப். காசு கொடுப்பதற்கு முன்பே உருட்டியிருக்க வேண்டும்.

2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. என் ஆசை சின்னது. ஒரு மாடலை நிறுத்தும்போது பைப்பின் விட்டம், சீல் அளவு, ஆயில் மட்டம் மூன்றையும் எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட்டுவிட்டுப் போகட்டும். ஒரு தாளுக்கு மேல் ஆகாது.

ஆயில் மட்டத்துக்கு மானுவல் சொல்வதே சட்டம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குமிழி அடங்கும்வரை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, பிறகு இரும்பு ஸ்கேலை விட்டு அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மாட்டி முடித்ததும் முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை அழுத்தி விடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்றால் சரி. எழுந்து மறுபடி ஆடினால் ஸ்கேலை இன்னொரு தடவை உள்ளே விடுங்கள்.