500 கேலன் வினிகரைப் பரிந்துரைத்த கணக்கு

ஒரு மனிதர் ஓராண்டு முழுவதும் சத்துக்குறைவில்லாமல் சாப்பிட, குறைந்தது எவ்வளவு செலவாகும்? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் இந்தக் கேள்விக்கு விடை தேடினார். சுமார் 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண், 77 உணவுப்பொருள்கள், 1939 ஆகஸ்ட் மாத விலைகள். கலோரி, புரதம், கால்சியம், இரும்பு, ஐந்து வைட்டமின்கள் என 9 தேவைகள் நிறைவேற வேண்டும்.

77 பொருள்களில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் வழிகளே ஏறத்தாழ 2 கோடி. ஒவ்வொன்றிலும் அளவுகளை எண்ணற்ற விதங்களில் மாற்றலாம். ஸ்டிக்லர், ஒரே காசுக்கு எல்லாச் சத்திலும் பின்தங்கிய பொருள்களை முதலில் கழித்தார். 15 மிஞ்சின. பிறகு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு பட்டியலுக்கு வந்தார்: கோதுமை மாவு 370 பவுண்டு, டின்னில் அடைத்த சுண்டிய பால் 57 டின், முட்டைகோஸ் 111 பவுண்டு, பசலைக்கீரை 23 பவுண்டு, உலர்ந்த வெள்ளை பீன்ஸ் 285 பவுண்டு. ஆண்டுச் செலவு 39.93 டாலர். இதைவிடக் குறைவு இல்லை என்று நிறுவ நேரடியான முறை எதுவும் இல்லை என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார்.

அந்த முறை 1947-இல் வந்தது. அமெரிக்க விமானப்படையின் திட்டமிடல் பணியில் இருந்த கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை அது. அதைச் சோதித்துப் பார்க்க ஸ்டிக்லரின் உணவுக் கணக்கையே எடுத்தார்கள். கையால் இயக்கும் கணக்கு எந்திரங்களுடன் 9 எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள். ஓர் ஆள் தனியாகச் செய்திருந்தால் 120 நாள் பிடித்திருக்கும் வேலை. விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் உத்தேசம் ஆண்டுக்கு வெறும் 24 சென்ட்தான் தவறியிருந்தது. அவருடைய கூர்மையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

சிம்ப்ளெக்ஸ் எப்படி வேலை செய்கிறது? ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே நடந்தால் மாவின் அளவு கூடுகிறது, வடக்கே நடந்தால் பீன்ஸின் அளவு கூடுகிறது. ஒவ்வொரு சத்துத் தேவையும் நேராகப் போட்ட ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் சத்து போதாது, அந்தப் பக்கம் போதும். எல்லா வரப்புகளையும் போட்டபின் எஞ்சும் நிலத்தில்தான் நாம் நிற்கலாம். இனி செலவு. அதை நிலத்தின் சரிவாக வைத்துக்கொள்வோம்: செலவு குறையும் பக்கம் பள்ளம். நிலம் நெடுகிலும் ஒரே சீராகச் சரிந்திருப்பதால் நடுவில் குழி கிடையாது. தண்ணீர் விட்டால் அது ஓடி வரப்பில் முட்டும். வரப்போரமாகவே ஓடி ஒரு மூலையில் போய்த் தேங்கும். மிகக் குறைந்த செலவும் அப்படி ஒரு மூலையில்தான் இருக்கும்.

ஆகவே வயல் முழுவதையும் தேட வேண்டியதில்லை. சிம்ப்ளெக்ஸ் ஒரு மூலையில் தொடங்கி, செலவு குறையும் வரப்பைப் பிடித்து அடுத்த மூலைக்குப் போகிறது. எந்த வரப்பில் போனாலும் மேடாகவே இருக்கும் மூலை வந்ததும் நின்றுவிடுகிறது. ஸ்டிக்லரின் வயலுக்கு இரண்டல்ல, 77 திசைகள். ஆனாலும் கணக்கு இதேதான். சிறந்த முடிவைக் கணக்குப் போட்டுத் தேடும் செயல்முறை ஆராய்ச்சித் துறையில் இவ்வகைக் கணக்குக்கு நேரிய திட்டமிடல் என்று பெயர்.

மூலையில் நிற்பதற்கு ஒரு விளைவு உண்டு. 9 தேவைகள் என்றால், மூலையில் 9 பொருள்களுக்கு மேல் தேவைப்படாது. ஸ்டிக்லர் கணக்கின் உண்மையான விடையில் ஐந்தே பொருள்கள்; பாலின் இடத்தில் மாட்டு ஈரல் வந்தது, மற்ற நான்கும் அவர் சொன்னவையே. கலோரி, கால்சியம், வைட்டமின் ஏ, வைட்டமின் சி, ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) ஆகிய ஐந்தும் அளந்து வைத்தாற்போல் தேவைக்குச் சரியாக நிற்கின்றன. இரும்பு, புரதம் உள்ளிட்ட மற்ற நான்கும் மிகுதி. எனவே இரும்புத் தேவையைக் கொஞ்சம் உயர்த்தினாலும் செலவு ஒரு சென்ட்கூட ஏறாது. கால்சியம் தேவையை உயர்த்தினால் ஏறும். ஒரு தேவையை ஓர் அலகு உயர்த்தினால் ஏறும் செலவை அந்தத் தேவையின் நிழல் விலை என்பார்கள். எந்த நிபந்தனை உண்மையில் நம்மை நெருக்குகிறது என்று காட்டிக்கொடுப்பதால், எனக்கு விடையைவிட இதுவே அருமையாகத் தெரிகிறது.

மூலை என்பது எப்போதும் எல்லையில் இருக்கும் இடம். அதை டான்ட்சிக் தன் உடம்பிலேயே உணர நேர்ந்தது. 1950-களில் மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னபோது, ஐபிஎம் 701 கணினியிடம் உணவுப்பட்டியல் கேட்டார். நாளுக்கு 1,500 கலோரிக்குள் வயிறு நிறைய வேண்டும்; நிறைவுக்கு அளவுகோல், உணவின் எடையில் நீரின் எடையைக் கழித்தது. கணினி 500 கேலன் வினிகரைப் பரிந்துரைத்தது. தரவுப்பட்டியலில் வினிகரின் நீர் அளவு பூஜ்யம் என்று இருந்தது. வினிகரை நீக்கினார். அடுத்து, சூப்புக்குப் போடும் உப்புச்சாற்றுக் கட்டிகள் நாளுக்கு 200. நான்கைக் கரைத்து வாயில் வைத்ததும் துப்பிவிட்டார். அதற்கும் உச்சவரம்பு போட்டார். பின்னர் நாளுக்கு இரண்டு பவுண்டு தவிடு வந்தது.

கணினி எங்கும் பிழை செய்யவில்லை. 200 கட்டிகளை எவரும் தின்ன மாட்டார்கள் என்ற வரப்பை யாரும் போடவில்லை, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. சமையலறையில் நிற்பவர்களுக்கு அந்த வரப்புகளெல்லாம் சொல்லாமலே தெரியும். கடைசியில் டான்ட்சிக்கின் மனைவி ஆன், கணினியின் பட்டியல்களிலிருந்து நல்ல யோசனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு தானே உணவைத் திட்டமிட்டார். டான்ட்சிக்கின் எடை 22 பவுண்டு குறைந்தது.