கல் தெறித்துப் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் என்ன நடக்கிறது?

முன்னே செல்லும் வண்டியின் சக்கரம் கிளப்பிவிடும் ஒரு சிறு கல், காரின் பானெட்டின் முன்விளிம்பில் பட்டு, எள்ளளவு பெயிண்டைப் பெயர்த்துவிட்டுப் போகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஓர் அழகுக் குறை. அடியிலிருக்கும் இரும்புக்கோ அது காப்பு உடைந்த இடம். வீட்டில் அதைச் சரிசெய்ய உட்காருபவர் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே கவலைப்படுகிறார். ஆனால் காப்பை மீட்பதுதான் முதல் வேலை, நிறம் அதற்கு அடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த எள்ளளவு பள்ளத்துக்குள் இருப்பவற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

காரின் பெயிண்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின் மேல் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இருக்கும். அதன் மேல், பெயிண்ட் பற்றிக்கொள்வதற்காக வேதி முறையில் வளர்க்கப்பட்ட மிக மெல்லிய பாஸ்பேட் படிகப் படலம் ஒன்று இருக்கும். அடுத்ததாக, காரின் கூட்டையே தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் படியச் செய்த அடிப்பூச்சு சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் அமைகிறது. அதற்கு மேல் 30 மைக்ரான் அளவில் பிரைமர், 15 மைக்ரான் அளவில் நிறப்பூச்சு, கடைசியாக 40 முதல் 50 மைக்ரான் வரை நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கு அடுக்காக வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டினாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறத்தாழ இரண்டு தலைமுடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரம். கண்ணுக்குத் தெரியும் நிறம் இவற்றில் மிக மெல்லிய அடுக்குகளுள் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மெல்லிய அடுக்கைக் கல் எப்படிப் பெயர்க்கிறது? 2 கிராம் எடையுள்ள கல் மணிக்கு 100 கிலோமீட்டர் சார்பு வேகத்தில் மோதினால், அது சுமார் 0.8 ஜூல் ஆற்றலைக் கொண்டுவருகிறது. எண் சிறியதாகத் தோன்றினாலும், அது முழுவதும் ஒரு கூர்முனை தொடும் புள்ளியில் நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் இறங்குகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். முன்னே செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட்டு, வேகத்தையும் சற்றுக் குறைத்தால் காயங்கள் வெகுவாகக் குறைவது இதனால்தான். மோதலின்போது அடியிலிருக்கும் தகடு வளைந்து மீள்கிறது. பெயிண்டால் அந்த வளைவுக்கு ஈடுகொடுக்க முடியாதபோது, ஏதேனும் இரண்டு அடுக்குகளின் இணைப்பு விட்டுப்போய், சில்லாகத் தெறிக்கிறது. குளிரில் பெயிண்ட் இறுகி நொறுங்கும் தன்மை பெறுவதால், அப்போது சேதம் அதிகம்.

இனி உலோகத்தின் கதை. துரு பிடிக்க இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சந்திக்க வேண்டும். பெயிண்ட் இருக்கும்வரை அந்தச் சந்திப்பு மிகவும் மெதுவாகவே நடக்கும். பள்ளத்தில் ஒரு துளி நீர் தங்கியவுடன் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகிவிடுகிறது. துளியின் விளிம்புக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது, நடுப்பகுதிக்குக் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வினால் நடுவில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்களை உலோகத்தின் வழியாகப் பெற்றுக்கொண்டு, விளிம்பில் ஆக்சிஜனும் நீரும் ஹைட்ராக்சைடாக மாறுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் செம்பழுப்புத் துரு படிகிறது. ஒரு துளி உப்புநீரைக் கொண்டே இதைக் காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேதியியலாளர் யூலிக் எவன்ஸ். அரிமானம் பற்றிய பாடங்களில் அந்தச் சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நமக்கு முக்கியமானது விளிம்பில் பிறக்கும் அந்த ஹைட்ராக்சைடு. கடுமையான காரத்தன்மை கொண்ட அது, பெயிண்டுக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை மெல்ல அறுத்துக்கொண்டு, நல்ல பெயிண்டின் அடியில் ஊர்ந்து செல்கிறது. அங்கே உப்பு சிறிதளவு இருந்தாலும், அது பெயிண்டின் வழியாகவே நீரை உள்ளிழுத்துக் கொப்புளம் எழுப்பும். துரு, தான் உருவான இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலிருக்கும் அடுக்கை நெம்பித் தூக்கவும் செய்கிறது. எள்ளளவாக இருந்த காயம் சில காலத்தில் காசளவு கொப்புளமாகப் பரவுவது இவ்வாறுதான். துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டில் துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தன்னையே கரைத்துக்கொண்டு காவல் காக்கும் என்றாலும், அந்தக் காவல் துத்தநாகம் தீரும்வரைதான். பிளாஸ்டிக் பம்பருக்கு இந்த ஆபத்தே இல்லை. அங்கே உதிர்ந்த பெயிண்ட் வெறும் அழகுப் பிரச்சினை என்பதால், அவசரமின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே பழுதுபார்ப்புக்கு முன் காயத்தின் ஆழத்தை அறிய வேண்டும். கீறலின் மேல் தண்ணீர் தடவியதும் அது மறைந்துபோனால், சேதம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பொருள். நீரின் ஒளிவிலகல் எண் காற்றைவிடக் கிளியர் கோட்டுக்கு நெருக்கமாக இருப்பதால், கீறலை நிரப்பிய நீர் ஒளி சிதறுவதைக் குறைக்கிறது. இத்தகைய கீறலுக்குப் பாலிஷ் போதும், பெயிண்ட் தேவையில்லை. பள்ளத்தின் அடியில் மங்கிய சாம்பலோ கருமையோ தெரிந்தால், பிரைமரோ அடிப்பூச்சோ இன்னும் மிஞ்சியிருக்கிறது, உலோகம் தப்பித்திருக்கிறது. வெள்ளிபோல் மின்னினால் உலோகம் வெளிப்பட்டுவிட்டது. பழுப்பு நிறம் தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது.

துருவின் மேலேயே பெயிண்ட் பூசுவது இந்த வேலையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. துரு நுண்துளைகள் நிறைந்தது. அத்துளைகளில் ஈரத்தையும் உப்பையும் தேக்கி வைத்திருப்பதால், மேலே எவ்வளவு நல்ல பூச்சு பூசினாலும் மின்கலம் உள்ளே இயங்கிக்கொண்டே இருக்கும். முதலில் சோப்பு நீரிலும் பிறகு நல்ல நீரிலும் கழுவி உப்பை நீக்க வேண்டும். அதன்பின் ஊசி முனையாலோ, பென்சில் நுனியில் ஒட்டிய சிறு உப்புத்தாளாலோ, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை துருவைச் சுரண்ட வேண்டும். சுரண்ட முடியாத நுண்குழிகளில் எஞ்சுவதற்கு மட்டும், பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கொண்ட துருமாற்றியைப் பயன்படுத்தலாம். அவை துருவை ஓரளவு நிலையான இரும்புப் பாஸ்பேட்டாக அல்லது கருநிற டானேட்டாக மாற்றுகின்றன. சுரண்டும் வேலைக்கு அவை மாற்று ஆகா.

அதே நேரத்தில் பள்ளத்தின் ஓரத்தையும் கவனிக்க வேண்டும். தளர்ந்து நிற்கும் சில்லுகளை எடுத்துவிட்டு, செங்குத்தான ஓரத்தைச் சற்றே சரிவாக்க வேண்டும். பரப்பு இழுவிசையின் காரணமாகத் திரவப் பெயிண்ட் கூரிய விளிம்புகளிலிருந்து விலகிச் சென்று, அங்கே ஆபத்தான அளவுக்கு மெலிந்துவிடும். சரிவான ஓரத்திலோ ஒரே சீராகத் தங்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்க வேண்டும். மெழுகு பூசிய பரப்பில் நீர் முத்து முத்தாகத் திரள்வதைப் பார்த்திருப்போம். பெயிண்டும் அப்படித்தான் ஒட்டாமல் திரளும். துடைத்த இடத்தை விரலால் தொட்டால் விரலின் எண்ணெயே போதும், வேலையைக் கெடுக்க.

உலோகம் வெளிப்பட்டிருந்தால், முதலில் ஒரு மெல்லிய பிரைமர், இயன்றால் எப்பாக்ஸி வகை, இட வேண்டும். நிறப்பூச்சு இரும்பைப் பற்றிக்கொள்வதற்காக வடிவமைக்கப்பட்டது அன்று. பற்றுவதும் ஈரத்தைத் தடுப்பதும் பிரைமரின் பணி. அழகை நாடுபவர் எளிதில் தவிர்த்துவிடும் படி இதுதான்.

நிறப்பூச்சுக்கு வருவோம். தொழிற்சாலையில் கிளியர் கோட் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படும்போது, அதன் பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. இத்தகைய சிறு காயங்களைத் தொட்டு மூடுவதற்கென்று விற்கப்படும் டச்-அப் குப்பியில் இருக்கும் பெயிண்டுகளில் பெரும்பாலானவை அப்படி இறுகுவதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போக, பிசினும் நிறமியும் எஞ்சி நிற்பதுதான் அங்கே உலர்தல் எனப்படுவது. 1920-களில் கார்களுக்குப் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் இவ்வாறே உலர்ந்தது. இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, சுருக்கம்: பெயிண்டின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு கரைப்பான் என்று வைத்துக்கொண்டால், 90 மைக்ரான் ஈரப்பூச்சு 30 மைக்ரானாகத் தாழ்ந்துவிடும். நேற்று நிரம்பியிருந்த பள்ளம் இன்று மறுபடியும் குழியாகத் தெரிவது இதனால்தான். பூசியவர் தவறு எதுவும் செய்யவில்லை. இரண்டாவது, காத்திருக்க வேண்டிய நேரம்: கரைப்பான் பூச்சின் அடியிலிருந்து மேலே ஊடுருவி வர ஆகும் காலம், தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. பூச்சு இரு மடங்கு தடித்தால் காத்திருப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பிவிட்டால் மேற்புறம் தோல்போல் உலர்ந்து மூடிக்கொள்ள, அடியில் சிக்கிய கரைப்பான் நாட்கணக்கில் வெளியேறப் போராடி, குமிழியாகவோ சுருக்கமாகவோ வெளிப்படும். மெல்லிய பூச்சுகள் மூன்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் இடையில் குப்பியில் குறிப்பிட்ட நேரத்துக்குக் குறையாத இடைவெளி என்பதே சரியான கணக்கு.

தூரிகையால் இழுப்பதைவிட, பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சிறு துளியை எடுத்துப் பள்ளத்தின் நடுவில் தொட்டு வைத்தால், அது தானாகவே ஓரம்வரை பரவிக்கொள்ளும். வெயிலில் சூடேறிய தகட்டில் இதைச் செய்யக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த நாளும் உகந்தது அன்று; ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விப்பதால் காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும்.

காரின் தகவல் பட்டயத்திலுள்ள நிறக் குறியீட்டின்படி வாங்கிய பெயிண்டும் முற்றிலும் பொருந்தாமல் போகலாம். வெயில் பழைய பூச்சை மாற்றியிருக்கும் என்பது ஒரு காரணம். மெட்டாலிக் நிறங்களில் இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. தெளிப்பானால் மெல்லியதாகப் பூசும்போது அவை தகட்டுக்கு இணையாகப் படுத்துக்கொண்டு கண்ணாடிகள்போல் ஒளியைத் திருப்புகின்றன. துளியாக வைக்கும்போதோ கண்டபடி சாய்ந்து நிற்கின்றன. குப்பியை நன்றாகக் குலுக்கி மெல்லியதாக வைப்பது ஓரளவு உதவும். நேரே பார்த்தால் பொருந்தியும் சாய்வாகப் பார்த்தால் பொருந்தாமலும் தோன்றுவதைப் பழுதுபார்ப்பவரின் குறையாகக் கருதத் தேவையில்லை.

நிறம் சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றதும், கிளியர் கோட்டை இட்டு மட்டத்துக்குச் சற்று மேலே எழச் செய்ய வேண்டும். ஒரு வாரமாவது உலரவிட்டு, 2000-க்குக் குறையாத எண்ணுள்ள வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து, எழுந்து நிற்கும் மேட்டை மட்டும் தேய்த்துப் பின்பு ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றலாம். சுற்றிலும் உள்ள பழைய கிளியர் கோட்டில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. அதில் சில மைக்ரான்களுக்கு மேல் தேய்த்துவிட்டால், சிறு காயத்தைச் சரிசெய்யப்போய்ப் பெரிய பரப்பைப் பலவீனப்படுத்தியவர்களாவோம். சந்தேகம் இருந்தால் தேய்க்காமல் விடுவதே மேல்; சிறிய மேடு எதையும் கெடுக்காது.

கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை என்பதால், காற்றோட்டமுள்ள இடத்தில் நெருப்புக்கு அப்பால் வேலை செய்ய வேண்டும். கடினப்படுத்தி சேர்த்துத் தெளிக்கும் இருபகுதிப் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அவற்றை வீட்டில் தெளிக்கவே கூடாது. பள்ளத்தைச் சுற்றியுள்ள பெயிண்ட் ஏற்கெனவே கொப்புளித்திருந்தால் துரு கண்ணுக்குத் தெரிவதைவிடத் தொலைவு சென்றிருக்கும். அதைப் பட்டறையில் முழுமையாகத் திறந்து பார்ப்பதே முறை.

வேலை முடிந்த பிறகு, மழையில் நனைந்த அடுத்தடுத்த வாரங்களில் அந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தென்பட்டால், உள்ளே துரு மிஞ்சியிருக்கிறது அல்லது ஓரம் சரியாக மூடப்படவில்லை. புதிய பூச்சு தொழிற்சாலைப் பூச்சைப்போலப் பிணைந்து இறுகியதன்று என்பதால், தின்னரில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றினால் அது மட்டும் கரைந்து வந்துவிடும். மறைவான ஓர் இடத்தில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு அதை நீக்கி, சுரண்டும் கட்டத்திலிருந்து மறுபடியும் தொடங்கலாம்.