பிரேக்: தடையா, நிறுத்தியா, தடுப்பியா?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கறுப்பு மிதிவண்டி நிற்கிறது. அப்பா தேக்கா சந்தைக்குப் போய்வந்த வண்டி. அதன் பிரேக்கில் வயர் கிடையாது, பென்சில் தடிமனில் இரும்புக் கம்பிகள்தான். பிடியை அமுக்கினால் கம்பி மேலே எழும்பும். முன்சக்கரத்தின் மேல் குதிரை லாடம்போல் கவிந்திருக்கும் வளையமும் கூடவே ஏறும். அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்விளிம்பை அழுத்தும். போன வாரம் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அங்கிள், பிரேக்குக்குத் தமிழ்ல என்ன?" என்றான். "தடை" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

காரணம் உண்டு. பொதுப் பாதைகளில் ஓட்டும் மிதிவண்டிக்கு வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2021இல் சிங்கப்பூரில் சட்டம் வந்தது. பிரேக்கே இல்லாத 'ஃபிக்ஸி' வண்டிகளை இளையர்கள் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தச் செய்திக்குத் தலைப்புப் போட்டால் 'தடை இல்லாத மிதிவண்டிக்குத் தடை' என்றாகும். 'வேகத்தடை' என்று ஒட்டிச் சொல்லலாம் என்றால், அது ஏற்கெனவே சாலை மேட்டுக்குப் போய்விட்டது.

ஆங்கிலச் சொல்லின் கதையும் நேர்கோடு அல்ல. சணலைப் போன்ற நார்ச்செடியின் தண்டை நொறுக்கி நார் எடுக்கும் கருவிக்கு டச்சு மொழி வழியாக வந்த பெயர் ஒன்று. கையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து நெம்புகோலுக்கும் குதிரைக் கடிவாளத்துக்கும் வந்த பெயர் இன்னொன்று. இரண்டும் ஒலியில் கலந்து, 18ஆம் நூற்றாண்டில் சக்கரத்தை மடக்கும் கருவிக்குப் பெயராயிற்று. தமிழில் எழுதும்போது வேலையிடத்து இடைவேளையும் 'பிரேக்'தான், இதுவும் 'பிரேக்'தான்.

நம்மிடம் இந்தக் கருத்து இல்லாமலா இருந்தது? தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உருண்டு வரும் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகித்தான் தேரை மடக்குவார்கள், திருப்புவார்கள். அதுதான் முட்டுக்கட்டை. மிதிவண்டி ரப்பரைச் சைக்கிள் கடைக்காரர்கள் 'பிரேக் கட்டை' என்பதில் அந்தக் கட்டை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அகராதிக்காரர்கள் சிலர் 'நிறுத்தி' என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. பள்ளியில் படிக்கும்போது டிசம்பர் மழையில் இதே வண்டியை ஒரு சரிவில் இறக்கினேன். இரண்டு பிடியையும் இறுக்கினேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி, கட்டை நீரை வழித்தெறிந்த பிறகுதான் பிடித்தது. முழங்கால் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அப்பா சொன்னது ஒரே வரி: "மழைல முன்னாடியே பிடிக்கணும்டா."

குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பருக்கு உராய்வு கிடைக்காது. அலுமினிய ரிம் அந்த அளவுக்கு வழுக்காது. ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற மிதிவண்டிப் பாக நிறுவனத்தின் டிரம் பிரேக் சக்கரக் குடத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால் மழைத்தண்ணீர் அதை எளிதில் தொடாது. இன்னும் பழைய உயரச்சக்கர வண்டிகளில் கரண்டி வடிவத் தகடு ஒன்று டயரின் மேலேயே அழுத்தும். அதன் பிடிப்பு சொற்பம்.

ஆக, இந்தக் கருவிகள் செய்வது ஓட்டத்தை உராய்வால் வெப்பமாக மாற்றி வேகத்தைக் குறைப்பது. நிற்பது அதன் முடிவு, அதுவும் எப்போதும் உறுதியில்லை. தடுப்பதுதான் வேலை. அதனால் 'தடுப்பி' என்பதே என் தேர்வு. சாலையோரத் 'தடுப்பு' வேறு, இது வேறு. 'இ' விகுதி கருவியைக் காட்டிவிடுகிறது. நம் புளோக்குகளில் லிஃப்டுக்கு 'மின்தூக்கி' என்ற சொல் பழகிப்போனதுபோல் இதுவும் பழகும். அப்பாவின் வண்டியில் இருப்பது கம்பித் தடுப்பி. மிதியைப் பின்னால் அழுத்தி மடக்குவது பின்மிதித் தடுப்பி. ரப்பர், தடுப்புக் கட்டை.

வினைச்சொல்லைத் தேடவே வேண்டாம். 'பிரேக் பிடிக்குதா?' என்று நாம் கேட்பதில் 'பிடி' ஏற்கெனவே இருக்கிறது. கருவி வேலை செய்வதற்கும் அதே சொல், நாம் கையால் அமுக்குவதற்கும் அதே சொல். 'தடுப்பி பிடிக்குதா?' என்றுதான் பையனிடம் கேட்டேன். அவன் குனிந்து கட்டையைப் பார்த்தான். இடதுபக்கக் கட்டை ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தது.