வாசலில் தொங்கும் கற்றாழை, தொட்டியில் சாயும் கற்றாழை

எங்கள் தெருவில் பாதி வீடுகளின் வாசலில் திருஷ்டிக்காகக் கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது. மண் கிடையாது, தண்ணீர் ஊற்றுவாரும் கிடையாது. மாதக்கணக்கில் அப்படியே தொங்கி, நுனியை மேலே வளைத்துப் புதுக் குருத்தும் விடுகிறது. எங்கள் பால்கனியில் இருந்ததற்கோ ராஜ உபசாரம்: பெரிய தொட்டி, செம்மண், மண்புழு உரம், தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர். போன ஐப்பசி மழையில் அது மடல்களைப் பரப்பிக்கொண்டு தொட்டி விளிம்பில் சாய்ந்துவிட்டது. வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு ஊற்றினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

கற்றாழை மடலுக்குள் கட்டை மாதிரி எதுவும் கிடையாது. செல்லுக்குள் நிறைந்திருக்கும் தண்ணீர் செல்சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் மடல் விறைப்பாக நிற்கிறது, காற்றடித்த சைக்கிள் டியூப் போல. தண்ணீர் வரத்து நின்றால் டியூப் தொளதொளத்துவிடும். வரத்து நிற்க இரண்டு வழி உண்டு. மண்ணில் தண்ணீரே இல்லாமல் போகலாம். அல்லது மண் சொதசொதவென்று இருந்தும், அதை உறிஞ்ச வேர் உயிரோடு இல்லாமல் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வாட்டம்தான்.

வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் கதை மாறிவிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுத் திணறிச் சாகும், அப்புறம் பூஞ்சைகள் வந்து அழுக ஆரம்பிக்கும். அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மலைப்பகுதியில் பிறந்த செடி இது. நின்ற நீர் அதற்குப் பழக்கமே இல்லை.

சரி, வாசலில் தொங்குவது எப்படிப் பிழைக்கிறது? மடலைக் கீறினால் வழவழவென்று வருமே சோறு, அதுதான் தண்ணீர்த் தொட்டி. வெளிப்புறத்துப் பச்சைத் திசுவுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் சோற்றிலிருந்து போகும். சோற்றின் செல்சுவர்கள் உடையாமல், ஆர்மோனியத் துருத்தி போல மடிந்து சுருங்கிக்கொள்ளும். மறுபடி தண்ணீர் கிடைத்தால் விரியும்.

இன்னொரு உபாயமும் அதற்கு உண்டு. பெரும்பாலான செடிகள் இலைத்துளைகளைப் பகலில் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும். கூடவே தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். கற்றாழை இரவில் திறக்கிறது. எடுத்த கார்பனை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகப் பூட்டி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு வெயிலில் சர்க்கரையாக்குகிறது. இதன் தடயத்தை நாக்கால் பிடித்தவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர். இதே உபாயம் தெரிந்த இன்னொரு சதைப்பற்றுச் செடியான ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் ருசியே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று 1813-இல் லண்டனில் இயற்கையியலாளர்கள் கூடும் லின்னியன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் தீர்ந்துபோவதைத்தான் அவர் ருசித்திருக்கிறார். (நீங்கள் ருசி பார்க்க வேண்டாம். அந்தக் குடும்பத்துச் செடிகள் சில மாடுகளையே கொன்றிருக்கின்றன.) வறட்சி முற்றினால் இப்படிப்பட்ட செடிகள் இரவிலும் கதவைச் சாத்திவிட்டு, தாங்கள் விடும் மூச்சின் கார்பனையே திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும்; உயிர் இருக்கும்.

ஆகவே சாய்ந்த செடியைப் பார்த்ததும் சொம்பைத் தேடாமல், அடி மடல் ஒன்றை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். மெலிந்து, உள்பக்கம் குழிந்து, தோல் வார் போல மடங்கினால் தாகம். தொளதொளத்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவி, அழுத்தினால் நீர் கசிந்தால் அழுகல். தொட்டியையும் தூக்கிப் பார்க்கலாம்; காய்ந்த தொட்டியின் கனம் ஏமாற்றாது. இது எதுவும் இல்லாமல் மடல்கள் மெல்லியதாக நீண்டு வெளிறித் துவண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை. அதைச் சித்திரை வெயிலில் ஒரேயடியாகக் கொண்டுபோய் வைத்தால் கருகிவிடும், இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல நகர்த்துங்கள்.

தாகம் என்றால் வைத்தியம் சுலபம். ஒரே சங்கடம், காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றினால் அந்த இடுக்கு வழியாகவே ஓடிவிடும். பேசினில் தண்ணீர் விட்டுத் தொட்டியை அரை மணி நேரம் உட்கார வைத்து, எடுத்து வடிய விடுங்கள். சில நாளில் மடல் தேறும்.

என்னுடையது அழுகல். தொட்டியைக் கவிழ்த்தபோது சாக்கடை வாடை வந்தது. நல்ல வேர் வெளிறிய நிறத்தில் கெட்டியாக இருக்கும். இதில் பழுப்பு வேரைப் பிடித்து இழுத்தால் மேல் தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நின்றது. அடியில் நான் அக்கறையாகப் போட்ட ஜல்லி வேறு. ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். நனைந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் பிடித்தால் சொட்டு நின்ற பிறகும் கீழ் ஓரத்தில் ஈரம் தங்கும் அல்லவா? மண்ணும் அப்படித்தான். அடியில் ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் கிட்டே போய் நிற்கும். ஓட்டைமேல் ஒரு ஓட்டுச்சில்லு போதும். பெருமணலும் உடைத்த செங்கல்லும் மண்ணோடு கலந்திருக்க வேண்டும், பாதிக்குப் பாதி என்றாலும் தப்பில்லை.

அழுகியதையெல்லாம் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்தேன். தாய்ச்செடியின் தண்டு நடுவரை பழுப்பேறியிருந்தது. அதைக் காப்பாற்ற வழியில்லை. மடலை நட்டாலும் கற்றாழை அநேகமாக வேர் விடாது, ரணகள்ளிக்குத்தான் இலையிலேயே குட்டி போடும் சாமர்த்தியம். நல்ல வேளை, பக்கத்தில் இரண்டு கன்றுகள் கெட்டியாக இருந்தன. பிரித்து, ஐந்து நாள் நிழலில் காகிதத்தில் கிடத்தினேன். வெட்டுக்காயத்தில் தக்கை போன்ற பொருக்கு கட்டினால்தான் கிருமி நுழையாது. பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை. ரொம்பக் கஷ்டமான வாரம். இப்போது விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு கன்றைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தேன். வர மறுத்தது. காலை நேரத்துச் சொம்பு இப்போது பக்கத்துத் தொட்டித் துளசிக்குப் போகிறது.