ஃப்ளூ காய்ச்சல் இதயத்தில் இறங்கும்போது

"ஃப்ளூ மூக்கு, தொண்டை, நுரையீரலோடு நிற்கிற நோய்தானே, அதில் இதயம் எப்படிச் செயலிழக்கும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மருத்துவ உலகமே நெடுங்காலம் விவாதித்த கேள்வி.

மூன்று நாலு நாள் காய்ச்சல், உடம்புவலி. தணிய வேண்டிய நேரத்தில் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, கை கால் சில்லிட்டு ரத்த அழுத்தம் இறங்குகிறது. இதயத்தசை செல்கள் சிதைந்தால் கசிகிற ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருக்கும். எக்கோவில் இதயம் சரியாகச் சுருங்காது. ஆனால் ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இருக்காது. இதுதான் மயோகார்டைட்டிஸ், இதயத்தசை அழற்சி. அரிதானது. ஆனால் அதன் தீவிர வடிவம் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

சரி, இதயத்தைக் கெடுப்பது வைரஸா? அல்லது நுரையீரலில் நடக்கும் போரில் நம் நோயெதிர்ப்பு அமைப்பே கொட்டும் ரசாயனங்களா? வைரஸ் என்றால் வைரஸ் மருந்து முக்கியம். எதிர்ப்பாற்றல் என்றால் அதை அடக்கும் ஸ்டீராய்டு முக்கியம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தொற்று வந்த எலியில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் யவுண்ட் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது அந்த அழகான தந்திரம். நம் செல்களுக்குள் சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகள் உண்டு. தனக்குப் பொருந்தும் வரிசை எந்த ஆர்.என்.ஏ.வில் இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே இருக்கும் ஆர்கோநாட் புரதம் அந்த ஆர்.என்.ஏ.வை வெட்டிவிடும். மிர்-133பி என்ற துணுக்கு தசை செல்களில் ஏராளம், நுரையீரல் செல்களில் மிகக் குறைவு. குழுவினர் செய்தது இவ்வளவுதான்: அந்தத் துணுக்கு வந்து ஒட்டுவதற்கான வரிசையை, ஆர்.என்.ஏ.வால் ஆன ஃப்ளூ வைரஸின் மரபணுவிலேயே எழுதிவிட்டார்கள். இப்போது வைரஸ் நுரையீரலில் வழக்கம்போலப் பெருகும். இதயத்தசை செல்லுக்குள் நுழைந்தாலோ, அங்கே காத்திருக்கும் துணுக்கு அதை வெட்டவைத்துவிடும்.

இப்படி மாற்றிய வைரஸைச் செலுத்திய எலிகளின் நுரையீரல் பாதிப்பு குறையவில்லை, எடையும் வழக்கம்போலவே இறங்கியது. ஆனால் இதயச் சேதம், தழும்பு, துடிப்புக் கோளாறு எல்லாம் வெகுவாகக் குறைந்தன. ஆக, எலியிலாவது, இதயத்தைக் கெடுப்பதில் அங்கேயே பெருகும் வைரஸுக்குத்தான் பெரும்பங்கு. செல்லுக்குள் வைரஸ் நுழைவதைத் தடுக்கும் ஐஎஃப்ஐடிஎம்3 புரதம் இல்லாத எலிகளுக்கு இதயப் பாதிப்பு இன்னும் மோசம் என்பதையும் இதே குழு காட்டியிருக்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வை முதலில் கண்டது எங்கே தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் புழுவில், 1993இல். விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் அதற்காக 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். உடனடிப் பலன் காட்டினால்தான் நிதி என்று அடம்பிடிக்கும் அதிகாரிகள் இந்தப் புழு ஆராய்ச்சிக்கு ஒரு காசு கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

சிகிச்சைக்கு வருவோம். ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் மருந்தை முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால் நல்லது. நோய் தீவிரமென்றால் தாமதமானாலும் கொடுப்பார்கள். ஃப்ளூவால் வரும் அழற்சிக்கு ஸ்டீராய்டு நிச்சயம் உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. உண்மையில் உயிரைக் காப்பது அவகாசம்தான். 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குப் பொருத்தியபோது நம் எல்லோருக்கும் தெரியவந்த எக்மோ கருவி அந்த அவகாசத்தைத் தருகிறது. தொடைச் சிரையிலிருந்து ரத்தத்தை இழுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தமனி வழியே திருப்பி அனுப்பும். ஒரு சிக்கல் உண்டு: அந்த ரத்தம் மகாதமனியில் எதிர்த்திசையில் ஏறுவதால், சோர்ந்த இதயம் அந்த அழுத்தத்தை மீறித் தள்ள வேண்டியிருக்கும். அதனால் இடது அறையிலிருந்து ரத்தத்தை வெளியேற்ற, இம்பெல்லா போன்ற சிறு பம்பையும் சில சமயம் சேர்ப்பார்கள்.

தாக்குப்பிடித்தவர்களின் இதயம் வியக்கத்தக்க அளவில் மீளக்கூடும். 2000இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தீவிர வகை நோயாளிகளில் 93 சதவீதம் பேர் 11 ஆண்டுகள் கழித்தும் இதயமாற்று இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அந்த வகையினர் 15 பேர்தான். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் இவ்வளவு நம்பிக்கை தரவில்லை. வீடு திரும்பிய பிறகும் மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டம், பந்தயம், ஜிம் எதுவும் கூடாது. ஆறாத தசையும் தழும்பும் கடும் உழைப்பின்போது துடிப்பைத் தாறுமாறாக்கிவிடலாம், எம்.ஆர்.ஐ.யும், இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் பதிவும் பார்த்த பிறகே மருத்துவர் அனுமதிப்பார்.