கிரீஸ் டிராப்: பொறியா, தொட்டியா?

ஓட்டல் அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குக் கீழேயோ கொல்லைப்புறத்துத் தரையிலோ ஒரு மூடி இருக்கும். திறந்து பார்த்தால் மஞ்சளும் வெள்ளையுமாகத் தடித்த ஏடு, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறிவேப்பிலை, அழுகிய முட்டை வாடை. இதுதான் கிரீஸ் டிராப்: கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகுமுன் அதிலுள்ள எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் அமைப்பு.

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நமக்குக் கிரீஸ் என்றால் மெக்கானிக் கடையில் பேரிங்குக்குப் போடுவது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பியிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், அது சாம்பாரில் தாளித்த எண்ணெயையும் பிரியாணித் தட்டில் ஒட்டிய நெய்யையும் குறிக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆங்கிலத்தில் கிரீஸ் என்பதன் முதற்பொருள் விலங்குக் கொழுப்பு. பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். மூலம், தடித்த, கொழுத்த என்று பொருள்படும் 'கிராசுஸ்' என்ற லத்தீன் சொல். நயமில்லாத முரட்டுத்தனத்தைச் சொல்லும் 'கிராஸ்' (crass) என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நாமும் கொழுமையிலிருந்து கொழுப்பு என்ற சொல்லைப் பெற்று, அடங்காதவனைப் பார்த்து 'உனக்குக் கொழுப்பு' என்கிறோம். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருப்பதைப் பார்த்து நான் வியந்துபோனேன்.

அடுத்தது டிராப். அகராதியைப் பார்த்து 'கொழுப்புப் பொறி' என்று எழுதுபவர்கள் உண்டு. பொறி என்றதும் நினைவுக்கு வருவது எலிப்பொறி. வைத்துவிட்டு மறந்துவிடலாம், மாட்டினால் போய்ப் பார்க்கலாம். இந்தச் சாதனம் அப்படியல்ல. இதில் பாய்ந்து பிடிக்கும் வேலையே இல்லை, தேங்கவிடுவதுதான் வேலை.

கறிக்குழம்பை இரவு மூடி வைத்து, காலையில் திறந்து பாருங்கள். மேலே கொழுப்பு உறைந்திருக்கும், அடியில் மசாலா படிந்திருக்கும். தொட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். சோறும் பருப்பும் அடியில் தங்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் தடுப்புகளுக்குக் கீழே புகுந்து சாக்கடைக்குப் போகும். இதற்குத் தண்ணீர் நிதானமாக நகர வேண்டும், ஆற வேண்டும். கொதிக்கும் தண்ணீரையும் சோப்பையும் ஊற்றிக் 'கரைத்துவிட்டேன்' என்று நிம்மதி அடைபவர்கள், பிசுக்கைத் தெருக் குழாய்க்குத் தள்ளிவிடுகிறார்கள். அது அங்கே போய் ஆறி, கால்சியத்தோடு சேர்ந்து கல் போன்ற சோப்பாக இறுகும். 2017இல் லண்டன் ஒயிட்சேப்பலில் தெருவுக்கடியில் கிடந்த அடைப்பு 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. துடைத்துப் போடும் ஈரத்தாள்களும் கொழுப்பும் சேர்ந்து இறுகிய பாறை அது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நிணம், வழும்பு என்று பழைய சொற்கள் உண்டு, ஆனால் இரண்டிலும் இறைச்சி வாடை தூக்கல். சைவ ஓட்டலுக்குப் பொருந்தாது. கழுவுமிடத்துக்கு அங்கணம் என்ற அருமையான சொல் இருக்கிறது. குறளில் வருவது, நெல்லைப் பக்கத்து வீடுகளில் அங்கணக்குழியாக வாழ்வது. ஆனால் அது தொட்டியை அல்ல, இடத்தைக் குறிக்கும். தலையிலும் பாத்திரத்திலும் இருப்பதை நாம் தினமும் எண்ணெய்ப் பிசுக்கு என்றுதானே சொல்கிறோம்? ஆகவே எண்ணெய்ப் பிசுக்குத் தொட்டி. ஏட்டில் எழுதும்போது பிசுக்குத் தடுப்புத் தொட்டி என்று விரிக்கலாம். தொட்டி என்று சொல்லிவிட்டாலே கழுவ வேண்டும் என்பது தானாகப் புரியும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவாத வீடு உண்டா?

எப்போது கழுவுவது? மேலே மிதப்பதும் அடியில் படிந்ததும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை எட்டினால் உடனே என்பது பல நாடுகளில் வழங்கும் கணக்கு. ஒரு குச்சியை விட்டு அளந்தால் போதும். ஏட்டை வழித்து, அடிமண்டியை அள்ளி, தடுப்புகளைச் சுரண்டி, அப்புறம் நல்ல தண்ணீர் நிரப்பி மூட வேண்டும். வெறும் தொட்டியில் எதுவும் பிரியாது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் உணவுக்கடைகளுக்கு இந்தத் தொட்டி கட்டாயம். அள்ளிய கழிவை உரிமம் பெற்றவர்தான் கொண்டுபோகலாம்.

தரைக்கடியில் இருக்கும் பெரிய தொட்டி என்றால் ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அந்த முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும், ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 'இது வெறும் எண்ணெய்தானே' என்று சொல்லி எவரையும் உள்ளே இறக்காதீர்கள். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

மூடியின் மேல் பெயின்டால் 'எண்ணெய்ப் பிசுக்குத் தொட்டி, உள்ளே இறங்காதீர்' என்று எழுதி, பக்கத்தில் கடைசியாகக் கழுவிய தேதியைச் சாக்பீஸால் குறித்து வைக்கலாம்.